ஆறு வாரத்துல ஆறாதுடி

அடியே,

போன்ல பேசினா அழுதுடுவேன்னு மெசேஜ் போட்டிருந்தியே, அதான் லெட்டராவே எழுதுறேன். கோதுமைய விட்டு ஆறு வாரம் ஆச்சு, வயித்து உப்புசம் குறைஞ்சும் உடம்புல தெம்பே வரல, டாக்டர் உனக்கு சீலியாக், அதான் கோதுமை குடல கெடுக்கற நோய்னு சொன்னது தப்போன்னு கேட்டிருக்க. தப்பில்லடி. பேதி, உப்புசமெல்லாம் நிறைய பேருக்கு சில வாரத்துலயே அடங்கிடும், குடல் ஆறுற கணக்கு வேற.

எனக்கு டாக்டர் பேப்பர்ல வரைஞ்சு காட்டினார். புது டர்க்கி டவல்ல நூல் நூலா நிக்குமே, சிறுகுடல் உள்பக்கம் அப்படித்தான் இருக்குமாம், நம்மள மாதிரி சீலியாக் இருக்கறவங்க க்ளூட்டன், அதான் கோதுமை, பார்லில இருக்கற புரதம், சாப்பிட்டா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த நூல தாக்கி மழுங்கடிச்சிடுது. அது திரும்ப முளைக்கணும். சின்ன பசங்களுக்கு சீக்கிரம் ஆறிடும், நம்ம வயசுக்கு வருஷக்கணக்கு ஆகலாம். அமெரிக்கால 2010ல வந்த ஒரு ஆய்வுல, பெரியவங்கள்ல ரெண்டு வருஷத்துல 34 சதவீதம் பேருக்குத்தான் குடல் ஆறினது பயாப்ஸில, அதான் குடல்ல துளி சதை எடுத்து பாக்கற டெஸ்ட்ல, உறுதியாச்சு, அஞ்சு வருஷத்துல 66. பயமுறுத்த சொல்லல, ஆறு வாரத்துக்குள்ள உன்னையே நொந்துக்காதன்னு சொல்றேன்.

இரும்புச்சத்த இழுக்கறது சிறுகுடலோட ஆரம்பப் பகுதிதான், அடி பட்டதும் அங்கதான், அதான் நீ வருஷக்கணக்கா மாத்திர போட்டும் ரத்தம் ஏறல. எனக்கு ஹீமோகுளோபின் 7.6ல இருந்து 11 தாண்ட எட்டு மாசம் ஆச்சு, அப்புறம்தான் மாடிப்படிய மூச்சு வாங்காம ஏறினேன்.

இப்ப முக்கியமான விஷயம், உங்க வீட்டு பெருங்காய டப்பாவ எடுத்து பின்னாடி படி. நான் சப்பாத்தி, பரோட்டா, ரவா, சேமியா, பார்லி மால்ட் போட்ட சத்து பானம்னு எல்லாத்தையும் நிறுத்தியும் ஆறு மாசம் கழிச்சு எடுத்த டிடிஜி டெஸ்ட்ல, அதான் சீலியாக்குக்கு பாக்கற ரத்த டெஸ்ட்ல, அளவு சரியாவே இறங்கல. டயட்டீஷியன் ஒவ்வொண்ணா கேட்டுட்டே வந்து பெருங்காயம்னதும் நிறுத்தினாங்க. வீட்டுக்கு வந்து டப்பாவ ஜன்னல் கிட்ட வெளிச்சத்துல பிடிச்சு பார்த்தா பொடி எழுத்துல கோதுமை மாவு! சாம்பார், ரசம், மோர்னு தினமும் மூணு வேளையும் போயிருக்கு. அரிசி மாவு கலந்தது கிடைக்குது, அத வாங்கினேன், 14ஆவது மாசம் டிடிஜி நார்மல். இட்லி, தோசை, பொங்கல்னு அரிசியே நமக்கு சாப்பாடா இருக்கறது எவ்ளோ பெரிய புண்ணியம் தெரியுமா, ஆனா ஹோட்டல்ல தோசைக்கல்லுலயே பரோட்டா போடுவாங்க, பாத்துக்கோ.

பால் ஒத்துக்கலன்னியே, அதுவும் இதோட சேர்ந்ததுதான். பால்ல இருக்கற லாக்டோஸ செரிக்க வைக்கறதும் அந்த நூல்முனைதான், அது வளர்ந்தா நிறைய பேருக்கு பாலும் ஒத்துக்குது. அஞ்சு மாசம் கழிச்சு நான் குடிச்ச முதல் ஃபில்டர் காபி, டபரால ஆத்தி ஆத்தி, வயிறு கம்முனு இருந்துச்சு, அன்னிக்கு நிஜமாவே அழுதுட்டேன்.

வைட்டமின் டி, பி12 பார்த்தாங்களா? எலும்பு ஸ்கேனும் கேளு. அப்புறம் பையனுக்கும் உன் தங்கச்சிக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ண சொல்லு, ரத்த சொந்தத்துக்கு வர வாய்ப்பு அதிகம். டெஸ்ட் முடியற வரைக்கும் அவங்க கோதுமைய நிறுத்தக் கூடாது, நிறுத்தினா ரிசல்ட் தப்பா காட்டிடும்.

பையன் ரிசல்ட் வந்ததும் கூப்பிடு, ராத்திரி எத்தன மணியானாலும் சரி. அழுதாலும் பரவால்லடி, நான் லைன்லதான் இருப்பேன்.

உன் ஹாஸ்டல் ரூம்மேட்