லுட்டீன்: தங்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால்

அன்புள்ள செல்வம்,

நலம். கொழும்பில் நீயும் வீட்டாரும் நலம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். 1799இல் தங்கத்தோடு ஹாலந்துக் கரையில் மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல் லுட்டீன் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். ஒரு குண்டடி கூடப் படாத போர்க்கப்பல் ஒரே ராத்திரியில் எப்படிப் போயிற்று? இத்தனை பேர் தேடியும் மிச்சத் தங்கம் ஏன் அகப்படவில்லை? இரண்டாவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு முதல் கேள்விதான் பெரிது என்பதால் அதில் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டு அடுத்ததுக்கு வருகிறேன்.

முதலில் கப்பலின் பூர்வீகம். 1779இல் பிரான்சின் துலோன் தளத்தில் நீரில் இறங்கியது. வரைந்தவர் கூலோம். மாஜிசியென் வகை ஃபிரிகேட் (நடுத்தர அளவு, வேகமான போர்க்கப்பல்), 32 பீரங்கி. அதில் 26 மேல்தளத்தில் நின்ற, பன்னிரண்டு பவுண்டுக் குண்டெறியும் பீரங்கிகள், மீதி 6 சின்னது. அதே கூலோம் அதே துலோனில் கட்டிய இன்னொரு ஃபிரிகேட்டின் பெயர் மினெர்வ், 1782. அதுவும் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போய் சான் ஃபியோரென்ஸோ என்று பெயர் மாறி, 1808 மார்ச்சில் கன்னியாகுமரிக்கு அப்பால் பியேமான்டேஸ் என்ற பிரெஞ்சு ஃபிரிகேட்டைத் துரத்திப் பிடித்தது. பிடிபட்ட கப்பல் இன்னொன்றைப் பிடித்த கதை, அதுவும் நம் கடலில். அந்தச் சண்டையில் செத்த பிரிட்டிஷ் கேப்டன் ஹார்டிங்கை உன் ஊரில்தான் புதைத்தார்கள்.

லுட்டீனைப் 'பிடித்தார்கள்' என்று எழுதுவது பாதிதான் சரி. 1793 ஆகஸ்ட் கடைசியில் துலோன் நகரத்து அரச ஆதரவாளர்கள் ஊரையும் துறைமுகத்தையும் கப்பல்களையும் சேர்த்து பிரிட்டிஷ் அட்மிரல் ஹூட்டிடம் ஒப்படைத்துவிட்டார்கள். புரட்சி அரசின் படை ஊரை முற்றுகையிட்டது. பெயர் தெரியாத பீரங்கி அதிகாரியாக நெப்போலியன் தலைகாட்டிய இடம் அது. முற்றுகையின்போது லுட்டீனில் மோர்ட்டார் (குண்டை உயரமாக வீசும் குட்டைப் பீரங்கி) ஏற்றிக் குண்டெறியும் கப்பலாக்கி, கரையிலிருந்த பிரெஞ்சுப் பீரங்கிகள்மேல் எறிந்தார்கள். டிசம்பர் நடுவில் ஊர் கைநழுவியது. கிளம்பும்போது எரிக்க முடிந்ததை எரித்தார்கள், இழுத்துப் போக முடிந்ததை இழுத்துப் போனார்கள். லுட்டீன் இரண்டாவது பட்டியலில் இருந்தது.

பிடித்த கப்பலை அப்படியே ஓட்டிவிட முடியாது. பிரெஞ்சுப் பவுண்டு 489 கிராம் சொச்சம், ஆங்கிலப் பவுண்டு 454 கிராம். அதனால் பிரெஞ்சுக்காரரின் பன்னிரண்டு பவுண்டுக் குண்டு 5.87 கிலோ, ஆங்கிலேயருடையது 5.44 கிலோ. பீரங்கிக் குழலின் வாயும் அந்த அளவுக்கு வித்தியாசப்படும். பிரெஞ்சுப் பீரங்கியில் ஆங்கிலக் குண்டைப் போட்டால் சுற்றிலும் இடைவெளி விழுந்து வெடிவேகம் வீணாகும், குறியும் தப்பும். ஆங்கிலப் பீரங்கியில் பிரெஞ்சுக் குண்டு உள்ளேயே போகாது. ஆகவே பீரங்கியை மொத்தமாக மாற்ற வேண்டும், அதற்கேற்பத் தளத்தின் பலத்தையும் பார்க்க வேண்டும். பொதுவாகப் பிரெஞ்சு ஃபிரிகேட்டுகளின் சட்டமரங்கள் மெலிதானவை. வேகம் நன்றாக வரும். ஆனால் வருஷக்கணக்கில் வடகடலில் நிறுத்திவைத்தால் மூட்டுகள் தளரும். லுட்டீனை பிரிட்டனில் பழுதுபார்த்து மறுபடி ஃபிரிகேட்டாக்கி, ஹாலந்துக் கரையை அடைத்து நின்ற படையோடு சேர்த்தார்கள்.

இனி 1799. ஹாம்பர்க்கில் வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துக்கொண்டிருந்தன. அங்குள்ள வங்கிகளைத் தாங்கிப் பிடிக்க லண்டன் வணிகர்கள் தங்கமும் வெள்ளியும் அனுப்பினார்கள். மதிப்பு ஏறத்தாழ 12 லட்சம் பவுண்டு என்று சொல்வது வழக்கம். அக்டோபர் 9 காலையில் கேப்டன் லான்சலாட் ஸ்கின்னர் தலைமையில் இங்கிலாந்தின் யார்மத்திலிருந்து எல்பே ஆற்று முகத்துவாரத்திலுள்ள குக்ஸ்ஹாஃபனுக்குக் கப்பல் கிளம்பியது. மாலுமிகளும் பயணிகளுமாகச் சுமார் 240 பேர்.

இந்த இடத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள். யார்மத்திலிருந்து குக்ஸ்ஹாஃபன் ஏறக்குறைய கிழக்கு-வடகிழக்கு. வழியில் வலப்பக்கம் ஹாலந்தின் ஃபிரீசியத் தீவுகள்: டெக்ஸல், ஃப்லீலாண்ட், டெர்ஸ்கெலிங். யார்மத்துக்கும் டெர்ஸ்கெலிங்குக்கும் 130 கடல் மைல் சுமார். அன்று வீசியது வடக்கு-வடமேற்குப் புயல்காற்று. போகவேண்டிய திசைக்கு அது கிட்டத்தட்ட நேர்ப் பக்கவாட்டுக் காற்று. வேகமாக ஓடத் தோதான காற்றுதான். ஆபத்தும் அதில்தான் இருந்தது. பக்கவாட்டில் அடிக்கும் காற்று கப்பலை ஓட்டுவதோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தீவுகள் பக்கம் நழுவவும் விடும். வேகமானிக் கயிறு தண்ணீரை ஒட்டிய ஓட்டத்தை மட்டும்தான் அளக்கும். தண்ணீரே மொத்தமாக நகர்ந்தால் அதற்குத் தெரியாது. ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு ஒன்றுதான் துணை. அதை ஒழுங்காக வீசி அளக்கக் கப்பலை நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். புயலில், இருட்டில், அவசரச் சரக்கோடு அது எத்தனை முறை நடக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஃப்லீலாண்டுக்கும் டெர்ஸ்கெலிங்குக்கும் நடுவே ஃப்லீ என்ற வாய். தீவுகளுக்குப் பின்னாலுள்ள ஆழமில்லாத வாடன் கடல் முழுக்க இப்படிப்பட்ட சில வாய்கள் வழியாகத்தான் நிரம்பும், வடியும். கடல் ஏற்றத்தின்போது ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர் உள்ளே பாயும். பின்னால் புயலும் தள்ளினால் பாய்ச்சல் இன்னும் வலுக்கும். வாய்க்கு வெளியே பிறை வடிவில் மணல் திட்டுகள்.

சதுரப்பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு 67½ பாகைக்குள் நெருங்கி ஓட முடியாது. வடக்கை 0, கிழக்கை 90 என்று எண்ணினால் அன்றைய காற்று 337½ பாகையிலிருந்து. காற்றை இடப்பக்கம் வாங்கினால் மூக்கை 45 பாகைக்கு, அதாவது வடகிழக்குக்குத் திருப்பலாம். அது முகம் பார்க்கும் திசை மட்டும். புயலில் பெரிய பாய்களைச் சுருட்டிவிட்டுக் குறைந்த பாயோடு போகும்போது 20, 25 பாகை நழுவும். ஆக உண்மையில் நகர்வது 65, 70 பாகையில். டெர்ஸ்கெலிங் கரை நீண்டு கிடக்கும் திசையும் ஏறத்தாழ அதுவேதான்! சரி, மறுபக்கம் திரும்பலாமே என்றால், காற்றை வலப்பக்கம் வாங்கி மேற்கு முகமாக ஓடினால் நழுவல் போக 245, 250. ஃப்லீலாண்ட் கரை கிடப்பது சுமார் 240இல். இரண்டு பக்கமும் கரைக்கு இணையாக ஓடலாம், கரையை விட்டு விலக முடியாது. இதன்மேல் உள்நோக்கிப் பாயும் ஏற்றத்தையும் கூட்டு. ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் இழுத்தால்கூடப் போதும்.

திரும்புவதே லேசில்லை. பெரிய அலையில் மூக்கைக் காற்றுக்குள் செலுத்தித் திருப்ப முடியாது, அலை அறைந்து நிறுத்திவிடும். பின்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்துச் சுற்றி வளைத்துத்தான் திருப்ப வேண்டும். அந்த வளைவிலேயே கரைப்பக்கம் ஒரு கணிசமான தூரம் பறிபோகும். கடைசி வழி நங்கூரம். சணல் வடம், மணல் தரை, உடையும் அலை: மூன்றும் சேர்ந்தால் ஒன்று வடம் அறும், இல்லையென்றால் நங்கூரம் உழுதுகொண்டே வரும். ஸ்கின்னர் இதில் எதையெல்லாம் முயன்றார் என்று சொல்ல ஆளில்லை. அவர் கவனக்குறைவானவர் என்று எழுதுபவர்களைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். கரைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்பது தெரியவந்த நேரத்தில் எந்தக் கேப்டனிடமும் மிச்சம் இருந்திருக்கக்கூடிய வித்தை ரொம்பக் குறைவு.

அன்றிரவு கப்பல் வெளித்திட்டில் ஏறியது. மணலில் ஏறிய கப்பலை ஒவ்வொரு அலையும் தூக்கித் தூக்கிப் போடும். அடிமரம் முறியும், பாய்மரங்கள் சாயும், பக்கப் பலகைகள் பிரியும். அந்த அலையைத் தாண்டிக் கரையிலிருந்து படகு போக வழியில்லை. விடியும்போது கப்பல் சிதைந்திருந்தது. ஃப்லீலாண்டில் நின்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் தலைவர் போர்ட்லாக் தான் கடற்படைத் தலைமைக்கு எழுதித் தெரிவித்தார். உயிர் பிழைத்தது ஒரே ஒருவர். ஸ்கின்னரையும் சில அதிகாரிகளையும் ஃப்லீலாண்ட் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களில் சுமார் 200 பேர் டெர்ஸ்கெலிங்கில், பிரான்டாரிஸ் கலங்கரை விளக்கத்துக்கு அருகே, ஒரே குழியில்.

இனி உன் தங்கம். சரக்குக்குக் காப்பீடு தந்திருந்த லண்டன் லாய்ட்ஸ் சந்தையின் காப்பீட்டாளர்கள் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததும் கிடக்கும் சரக்கு அவர்கள் சொத்து. ஆனால் ஹாலந்து அப்போது எதிரி நாடு. போரில் கிடைத்த கொள்ளை எங்களுடையது என்று எடுத்துக்கொண்டது. 1800இல் உள்ளூர் மீனவர்கள் படகிலிருந்து நீளக் கழிகளில் மாட்டிய இடுக்கியும் வலையும் விட்டுத் துழாவினார்கள். ஒரு பீப்பாயில் ஏழு தங்கக்கட்டி, மொத்தம் 37 கிலோ. அந்த வேலையில் மொத்தமாக வந்தது 58 தங்கக்கட்டி, 35 வெள்ளிக்கட்டி, 42,000 ஸ்பானிய வெள்ளிக் காசு, இன்னும் சில்லறை. மதிப்பு 83,000 பவுண்டு. மூன்றில் ஒரு பங்கு மீட்டவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு.

அதோடு ஊற்று வற்றியதற்குக் காரணம் பீப்பாய். தங்கம் வைத்த பீப்பாய்களுக்குப் பலவீனமான இரும்பு வளையம், வெள்ளிக்கு மர வளையம். ஒரே வருஷத்தில் அவை கழன்று கட்டிகள் சிதறின. பீப்பாய் தட்டுப்பட்டால் தூக்கலாம். தனித்தனியாகச் சிதறிய கட்டி எடை தாளாமல் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகும். 1804 வாக்கில் மீட்பு வேலையைக் கைவிட்டார்கள். 1814இல் டெர்ஸ்கெலிங்கின் கரையொதுங்குப் பொருள் அதிகாரி எஷோசியே கிளறியதில் கிடைத்தது 8 தங்கக் காசும் 7 வெள்ளிக் காசும். 1821இல் அவர் அரசாணை வாங்கி, அதன்பின் மூழ்குமணியோடு (ஆட்களை உள்ளே வைத்துக் கடலடிக்கு இறக்கும் மணி வடிவக் கூண்டு) வந்தார். மீட்பதில் பாதி அவர் குழுவுக்கு, பாதி அரசுக்கு. 1823இல் ஹாலந்து அரசர் தன் பாதியைப் பிரிட்டிஷ் அரசருக்குக் கொடுக்க, அது லாய்ட்ஸ் கைக்கு வந்தது.

பிறகு கடலே ஒரு முறை கதவைத் திறந்தது. 1857இல் நீரோட்டம் கப்பலின் மேலேயே புது வாய்க்கால் வெட்டி மணலை அரித்துப் போனது. தலைக்கவசம் போட்ட முக்குளிப்பவர்கள் இறங்கி 41 தங்கக்கட்டி, 64 வெள்ளிக்கட்டி, 15,350 காசு எடுத்தார்கள். வாய்க்கால் தூர்ந்ததும் கதவு மூடிக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் மணலை உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு வேறொரு தடை: குண்டுகளும் பீரங்கிகளும் துருவேறி ஒட்டிக்கொண்டு ஒரே பாறையாக இறுகியிருந்தன. 1938இல், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் வெள்ளீயம் தோண்டுவதற்கான கரிமாத்தா என்ற ராட்சத வாளித் தூர்வாரியைக் கொண்டுவந்து கடலடியையே அள்ளினார்கள். கிடைத்தது ஒரே ஒரு தங்கக்கட்டி, கூடக் கொஞ்சம் காசு. எல்லாம் கூட்டினால் தங்கக்கட்டி 100.

மிச்சம் எவ்வளவு என்று யாராவது உனக்குத் துல்லியமாகச் சொன்னால் நம்பாதே. லாய்ட்ஸ் ஆவணங்கள் 1838இல் அது இருந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் எரிந்தபோது போய்விட்டன. 12 லட்சம் என்பது பிற்காலத்தில் சொன்ன கணக்கு.

கப்பலின் மணியைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1858 ஜூலை 17இல் சுக்கான் சங்கிலிகளுக்குள் சிக்கிய நிலையில் மேலே வந்தது. எடை 48 கிலோ. அதில் பொறித்திருப்பது லுட்டீன் பெயரல்ல, 'செயின்ட் ஜான் 1779' என்று பிரெஞ்சில். வேறு கப்பலுக்கு வார்த்ததா, காவல் புனிதரின் பெயரா, முடிவு கிடையாது. லாய்ட்ஸ் கூடத்தில் தொங்கவிட்டு, கப்பல் முழுகிய செய்தி வந்தால் ஒரு அடி, காணாமல் போனது திரும்பினால் இரண்டு அடி அடித்தார்கள். இது வெறும் சடங்கு என்று நினைக்காதே. காணாமல் போன கப்பலுக்கு மறுகாப்பீட்டு வியாபாரம் (ஒரு காப்பீட்டாளர் தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் ஏற்றுவது) சூடாக நடக்கும் இடம் அது. செய்தி முதலில் காதில் விழுந்தவன் அடுத்தவன் தலையில் கட்டிவிடுவான். மணி அடித்தால் எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரியும். மூழ்கிய கப்பலுக்காகக் கடைசியாக அடித்தது 1979இல். இப்போது விரிசல் விட்டிருப்பதால் அடிப்பதே அரிது.

நேரம் கிடைத்தால் ஹார்டிங்கின் கல்லறையோ நினைவுப் பலகையோ கோட்டைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து எழுது. லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. பியேமான்டேஸ் சண்டையை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். மூன்று நாள் துரத்தல் அது, காற்றுக் கணக்கு இதைவிடச் சிக்கல்.

அன்புடன்,
ராகவன்