ரோதமுனி அங்கேதான் இருக்கிறார்

அன்பு மச்சான் சிவாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தாமதத்துக்குக் காரணம் சோம்பல்தான்.

நம் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரி, அதான் நம்ம ஸ்டோர், அதுக்குப் பின்னால் இருந்த ரோதமுனி சாமி இன்னும் இருக்கிறாரா என்று கேட்டிருந்தாய். இருக்கிறார். ஸ்டோர்தான் இல்லை. மூடிப் பல வருடமாச்சு, மெஷின்களைக் கழற்றி இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மெஷினுக்குக் காவல் வைத்த சாமி மட்டும் மிச்சம். அதே முழங்கால் உயரக் கல், அதே வளைந்த சூலம். போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். யாரோ புதுசாய்க் குங்குமம் அப்பி, ஒரு சுருட்டும் வைத்திருந்தார்கள். சுருட்டு மழையில் ஊறிப் பருத்துக் கிடந்தது.

கூட வந்த பேரன் "ரோதைன்னா என்ன தாத்தா?" என்றான். சக்கரம், போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் என்றேன். "சக்கரம் எங்க?" என்றான். என்னத்தைச் சொல்ல?

அதிலிருந்து வழியில் தென்படும் அடையாளத்தையெல்லாம் நின்று பார்க்கிற வியாதி பிடித்துவிட்டது. அட்டனிலிருந்து நுவரெலியா போகிற ரோட்டில் எங்கு திரும்பினாலும் கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம். சிவப்புச் சேலை, பொட்டு, முதுகில் கூடை, முகம் நிறையச் சிரிப்பு. எங்கள் மலையில் கூடையைக் கண்டு எத்தனை நாளாச்சு, எல்லாம் சாக்குதான். இடுப்பில் கட்டும் படங்கும், அட்டைக் கடிக்குக் காலில் தேய்க்கும் சவர்க்காரமும் படம் போட்டவனுக்குத் தெரியாது போல. என் வீட்டுக்காரி அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு, "இவ பேர் போட்டுட்டுத்தான் வந்தாளா?" என்றாள். அன்றைய நாள் சம்பளக் கணக்கில் பேர் பதிந்தாளா என்று கேட்கிறாள்.

அப்புறம் மண்சரிவு எச்சரிக்கைப் பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள். சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் புள்ளி விழுந்து 'மணசரிவு' ஆகிவிட்டது. போய்ச் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

பெப்ரவரி 4ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். ஆரஞ்சுப் பட்டை தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்று மாஸ்டர் விளக்கினார். 1948இல் சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டத்து ஆட்களை நாடற்றவர் ஆக்கினார்கள். அந்தப் பட்டைகளோடு கொடி வந்தது 1951இல். அதாவது நமக்கும் பங்குண்டு என்று கொடி சொன்னபோது என் அப்பாவிடம் இந்த நாட்டுப் பிரஜை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை, பிள்ளைகள் வெயிலில் நின்றிருந்தார்கள்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பலேறக் கிளம்பிய அன்று உன் அப்பா ரோதமுனி காலடியில் பிடிமண் அள்ளித் துண்டில் முடிந்துகொண்டது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கோத்தகிரியில் அதை எங்கே போட்டார்? அங்கே ஒரு கல் நட்டாரா? மறக்காமல் எழுது.

உன்,
ராசு