சனிக்கிழமை ஆட்டமும் தனியாள் வாழ்க்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் தனியாக வாழும் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பரிவோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவர்களுடைய பொழுது மதுக்கூடத்திலும் துணை தேடும் கைப்பேசிச் செயலியிலும் கழிகிறது, மற்றதெல்லாம் தனிமை என்று முடித்திருந்தது பாதி உண்மைதான். சனிக்கிழமை பிற்பகலில் கிழக்கு லண்டன் மைதானத்துப் பக்கம் போனால் மீதிப் பாதி சேற்றில் புரண்டுகொண்டிருக்கும். ரக்பி கிளப்புகளைச் சொல்கிறேன்.

கிங்ஸ் கிராஸ் பகுதியில் 1995-இல் ஒரு மதுக்கூடத்தில் சிலர் கூடிப் பேசித் தொடங்கிய கிங்ஸ் கிராஸ் ஸ்டீலர்ஸ்தான் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்று உலகில் தோன்றிய முதல் ரக்பி கிளப். இன்று மான்செஸ்டர், கார்டிஃப், எடின்பரோ, டப்ளின் என்று பல ஊர்களில் இத்தகைய கிளப்புகள் உண்டு. இவர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடிக்கொள்வதில்லை. ஸ்டீலர்ஸ் வழக்கமான லீக்கில், வழக்கமான கிளப்புகளை எதிர்த்து ஆடுகிறது. அணிக்குள்ளும் எல்லாரும் தன்பாலீர்ப்பாளர்கள் அல்லர். ஆட்டம் பிடித்து வந்து சேர்ந்த மற்றவர்களும் இருக்கிறார்கள்.

ஈராண்டுக்கு ஒருமுறை இந்தக் கிளப்புகள் உலகெங்கிலுமிருந்து ஒன்றுகூடும் போட்டி பிங்கம் கோப்பை. மார்க் பிங்கம், சான்ஃபிரான்சிஸ்கோ ஃபாக் அணிக்கு ஆடியவர். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டு, பென்சில்வேனியாவில் விழுந்து நொறுங்கிய யுனைடெட் 93 விமானத்தில் கடத்தல்காரர்களை எதிர்த்த பயணிகளில் ஒருவராகக் கருதப்படுகிறார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் முதல் போட்டி சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. 2004-இல் லண்டன், 2014-இல் சிட்னி, 2024-இல் ரோம். வேல்ஸ் ரக்பி அணியின் முன்னாள் தலைவர் கேரத் தாமஸ் தன்பாலீர்ப்பாளர் என்று 2009 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு முன்பே, 2007-இல், அதைச் சொல்லிவிட்ட நடுவர் நைஜல் ஓவன்ஸ்தான் 2015 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் விசில் ஊதினார். ‘ரக்பிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஒரு தனியாளுக்கு இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் உங்கள் கட்டுரை தொடாத இடம். முதல் காரணம் நேரம். பெரும்பாலான கிளப்புகளில் வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. யாரையும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் அழைக்கிறார்களா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் எண்ணிக்கை. களத்தில் 15 பேர் வேண்டும், மாற்றாட்டக்காரர்கள் வேறு. ஜிம்மில் ஒருவர் மூன்று வாரம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே வியாழன் மாலை ஒருவர் வராவிட்டால் அன்றிரவே தலைவரிடமிருந்து ‘என்ன ஆச்சு?’ என்று வாட்ஸ்அப் வரும். அக்கறையும் உண்டு, ஆள் குறைகிறதே என்ற பதற்றமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாவது, உடம்பு. ஒல்லியாக வேகமாக ஓடுபவருக்குக் களத்தின் ஓரத்தில் ஓடும் விங் உண்டு, 110 கிலோ எடையுள்ளவருக்கு ஸ்க்ரமின் (இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்து எதிரெதிரே தள்ளுவது) முன்வரிசை உண்டு, ஆறடி இரண்டங்குலக்காரரை, எல்லைக்கோட்டிலிருந்து எறியும் பந்தைப் பிடிக்க வரிசையாக நிற்கும் லைன்-அவுட்டில், தூக்கிவிடுவார்கள். உடம்பைக் குறுகிய அளவுகோலால் அளக்கும் செயலிகளில் ஒதுக்கப்படுகிற பருத்த ஆள்தான் இங்கே எல்லாரும் தேடுகிற ஆள். ஸ்க்ரம் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் நல்ல ப்ராப் கிடைப்பது எந்தக் கிளப்பிலும் எளிதல்ல.

பள்ளியில் பந்தையே தொடாதவர்கள் என்ன செய்வது? புதியவர்களுக்கென்று சில வாரப் பயிற்சி வைத்திருக்கும் கிளப்பாகப் பார்த்துப் போவது நல்லது. தொடக்கத்தில் மோதல் இல்லாத டச் ரக்பி. பந்தைப் பின்பக்கமாக மட்டுமே வீச வேண்டும் என்பது உடம்பில் ஊறவே இரண்டு வாரம் ஆகும். பிறகுதான் டாக்கிள், அதாவது பந்தோடு ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்துவது. கபடி ஆடியவர்களுக்கு இது பாதி வந்துவிடும்: தாழ்ந்து நிற்பது, இடுப்புக்குக் கீழே பிடிப்பது, பிடித்ததை விடாதது. வராத பாதி தலையை எங்கே வைப்பது என்பது. ஓடிவருபவரின் வலப்பக்கத்தில் உங்கள் வலத் தோள் மோதினால் தலை அவருடைய முதுகுப்புறம் போக வேண்டும். கன்னம் அவர் பின்புறத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள். தலை அவருக்கு முன்னால் போய்விட்டால் இடுப்பெலும்போ முழங்காலோ நெற்றியில் இடிக்கும். புதியவர்களின் தலைக்காயங்களில் நிறைய இப்படி வருபவைதான். வரிசை இதுதான்: காலை அவருக்கு நெருக்கமாக ஊன்று, முதுகை நேராக வை, தோளால் மோது, இரு கையாலும் சுற்றிப் பிடி, கால்களை ஓட்டிக்கொண்டே இரு. முதலில் மண்டியிட்டு, பிறகு நடந்து, கடைசியில் ஓடிப் பழகுவார்கள். முதல் நாளே ஓடவிடும் பயிற்சியாளரிடமிருந்து விலகிவிடுங்கள். இங்கிலாந்தின் சமூக ஆட்டத்தில் 2023 ஜூலை முதல் டாக்கிள் மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். புதியவருக்கோ மறக்க ஒன்றுமில்லை.

விழவும் கற்க வேண்டும். முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் தரையைத் தொட்டால் அடி பரவிவிடும். பயத்தில் கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ போகும். முன்வரிசையில் பயிற்சியில்லாதவரை நிறுத்தக் கூடாது. ‘க்ரவுச், பைண்ட், செட்’ என்று நடுவர் சொல்லும் மூன்று சொல்லுக்குள் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேரின் எடை கழுத்தில் இறங்குகிறது. பயிற்சி பெற்ற முன்வரிசை ஆட்கள் போதாவிட்டால் தள்ளாத ஸ்க்ரமாக ஆட வேண்டும் என்று விதியே இருக்கிறது. ‘ஒரே ஒரு ஆட்டம்தானே, நில்லேன்’ என்று யார் சொன்னாலும் நிற்காதீர்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். ஸ்டட் வைத்த பூட்ஸ், மவுத்கார்டு, கிழியாத அரைக்கால் சட்டை. கடையில் வாங்கும் மவுத்கார்டை வெந்நீரில் இளக்கி மேற்பல்லில் கடித்துப் படியவைக்க வேண்டும். உறையில் எழுதியிருக்கும் நொடிக்கணக்கை மீறி வெந்நீரில் கிடந்தால் உருக்குலைந்துவிடும், குறைந்தால் பல் பதியாது, ஓடும்போது நழுவி மூச்சை முட்டும். நனைந்த பூட்ஸை ரேடியேட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்துவைத்தால் காலைக்குள் ஈரம் இழுத்துவிடும். (உங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, மன்னிக்கவும்.)

இனி முக்கியமான விஷயம். தனியாக வாழ்பவரும் தலைக்காயமும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தாலே களத்தைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள், அன்று திரும்ப முடியாது. எல்லாம் சரியாகப் போனாலும் 21 நாளுக்கு முன்பு அடுத்த ஆட்டம் கிடையாது. இதெல்லாம் கிளப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அடிபட்டவரை முதல் 24 மணி நேரம் தனியாக விடக் கூடாது, அவர் குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத உறக்கமானால் உடனே அவசர எண் 999. மனைவியோ துணையோ உள்ள ஆட்டக்காரருக்கு இது கேள்வியே இல்லை. ஒற்றை அறையில் வாழ்பவருக்கு? நல்ல கிளப்பில் ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் அன்றிரவு சோபாவில் படுத்துக்கொள்வார். இதற்கு யார் பொறுப்பு என்று சேரும்போதே கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு கிளப் பாருங்கள்.

பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கேட்பார்கள். வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், அல்லது வீட்டுக்கு இன்னும் சொல்லாதவர்கள், இங்கேதான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும் அம்மாவின் எண்ணை எழுதுவது பழக்கத்தால் வருவது. சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து ஒரு பயனும் இல்லை. பிரிட்டன் மருத்துவமனையில் ‘நெருங்கிய உறவு’ இரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. நண்பர் பெயரைக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டாரைக் கொடுக்கலாம். முன்கூட்டியே அவரிடம் கேட்டு, சாவி ஒன்றையும் கொடுத்துவைப்பது உத்தமம். காறை எலும்பு உடைந்தால் பல வாரம் ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கும். சட்டைப் பொத்தான் போடவும் வெங்காயம் நறுக்கவும் இன்னொரு கை வேண்டும். கிளப் காப்பீடு பெரும்பாலும் மிகக் கடுமையான காயங்களுக்குத்தான். இழந்த சம்பளத்தைத் தராது. வாடகையை ஒற்றை ஆளாகக் கட்டுபவர் தனியாக வருமானக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்துக்குப் பிறகுள்ள ‘மூன்றாம் பாதி’யைப் பலர் குடி என்று மட்டும் நினைக்கிறார்கள். எண்பது நிமிடம் இடித்துத் தள்ளியவருக்கு உள்ளூர் அணி சாப்பாடு போடுவது ரக்பியின் பழக்கம். சைவமோ ஹலாலோ என்றால் வியாழன் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை சொன்னால் உருளைக்கிழங்கு வறுவல்தான் மிஞ்சும். குடிக்காதவர் குடிக்காமலே இருக்கலாம். புதியவரைக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைக்கும் சடங்கு உள்ள கிளப், எந்த வானவில் கொடியைக் கட்டியிருந்தாலும், மோசமான கிளப். ஆடாதவருக்கும் இடம் உண்டு: பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க, தண்ணீர் கொடுக்க, ஆட்டத்தைப் படம் பிடிக்க, இருபது சேற்றுச் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்த் துவைக்க. கடைசி வேலையை ஏற்பவரை யாரும் மறப்பதில்லை.

அணிக்குள் காதல் வராதா என்றால், வரும். முதல் பருவத்தில் அதைத் தேடிப் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. முறிந்தபின்பும் இருவரும் ஒரே ஸ்க்ரமில் தோளோடு தோள் கட்ட வேண்டும். அப்படி ஆனால் ஒருவர் சில வாரம் இரண்டாம் அணிக்கு மாறிக்கொள்வார். அணியைத் தேர்வு செய்பவர்களுக்கு இது பழகிய விஷயம்.

நம்மவர்களுக்குப் பெரிய தயக்கம் புகைப்படம். பதிவுக்கு உண்மைப் பெயர் வேண்டும். கிளப் வெளியிடும் படத்திலும் ஆட்டக் குறிப்பிலும் முகமும் பெயரும் வராமல் இருக்கச் செயலாளரிடம் எழுத்தில் கேட்கலாம், மதிப்பார்கள். எதிரணியின் படக்காரரை மட்டும் யாராலும் கட்டுப்படுத்த முடியாது. இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கும்போது இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த நாட்டில்தான் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் மோதும் பிராட்பி கேடய ரக்பிக்கு 1945 முதல் ஊரே திரள்கிறது என்பதும் உண்மை. கொழும்பிலும் கண்டியிலும் படித்துவிட்டு லண்டன் வந்தவர்களுக்கு ஆட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சேர நினைப்பவர்கள் ஜனவரியில் போகாதீர்கள். நாலரை மணிக்கே இருட்டிவிடும், உறைந்த தரையால் ஆட்டங்கள் வெள்ளி இரவே ரத்தாகும், பழைய ஆட்களுக்கும் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருக்காது. ஜூலையில், பருவத்துக்கு முந்தைய பயிற்சி தொடங்கும்போது போங்கள். மாலை வெளிச்சம் ஒன்பது மணி வரை இருக்கும், உங்களைப் போல முதல் நாள் வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் பூட்ஸ் கயிற்றைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கிழக்கு லண்டன்