சின்ன மகளுக்கு, அமெரிக்காவின் கன்சாஸிலிருந்து அப்பா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

நீ வேதாரண்யம் தாலுகாவில் பொறுப்பு எடுக்கப் போகிறாய் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து, சுழற்காற்றில் அழிந்து மறுபடி எழுந்த ஒரு சின்ன ஊரைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு வராது, அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி, அவசரமில்லை.

அக்கா வீடு இருக்கும் பிராட் ஊரிலிருந்து 54ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் மேற்கே 30 மைல் போனால் கிரீன்ஸ்பர்க். கயோவா கவுண்டியின் தலைநகரம், கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ், கருவூலம், கோர்ட் எல்லாம் இருக்கிற ஊர். ஆனால் 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுவதற்குமே 2,460 பேர்தான், அதில் கிரீன்ஸ்பர்க்கில் 740 பேர். பரப்பளவோ 700 சதுர மைலுக்கு மேல். கோதுமை வயல், மேய்ச்சல் புல்வெளி, தூரத்தில் ஒரு தானியக் குதிர் கோபுரம், அவ்வளவுதான் கண்ணில் படும். அந்தக் கோபுரம் தெரிந்தால் அங்கே ஒரு ஊர் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை அத்தான் என்னை அழைத்துப் போனபோது நேராகக் கோர்ட் கட்டடத்துக்குத்தான் போகச் சொன்னேன். 1914இல் கட்டியது. ரெவின்யூவில் முடி நரைத்தவனுக்கு வேறு எங்கே கால் போகும்? பத்திரப் பதிவுக் கவுண்டரில் இருந்த அம்மாளிடம் நான் யார், என்ன வேலை பார்த்தேன் என்று அத்தான் சொன்னதும், அவர் எழுந்து போய் ஒரு பெரிய பழைய பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜைமேல் விரித்து வைத்துவிட்டார். முதல் குடியேறிகளின் பெயர்கள், சாய்வான மசிக் கையெழுத்தில். நம் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் புரட்டும்போது வருகிற அதே பழந்தாள் வாசனை. விரலை வைத்து வரி வரியாகக் காட்டினார், இந்தக் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது, இவர்கள் போய்விட்டார்கள், இவருடைய பேத்தி இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று.

இவர்கள் நிலத்தை அளந்திருக்கும் முறையை நீ பார்க்க வேண்டும், மகளே. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம், அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 துண்டு, ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862ஆம் வருடச் சட்டப்படி குடியேறி உழுதவனுக்குக் கொடுத்தது அந்த 160தான். மண்பாதைகள்கூட மைலுக்கு ஒன்றாக அந்தக் கோட்டிலேயே போகின்றன. உட்பிரிவு, புறம்போக்கு, வாய்க்கால் வளைவு என்று நாம் மல்லுக்கட்டுவதெல்லாம் இங்கே குறைவு. ஆனால் அந்தச் சதுரத்தைப் போடுவதற்கு முன்னால் இது கயோவா இன மக்கள் எருமைக்கூட்டத்தோடு சுற்றித் திரிந்த பூமி. 1867இல் பக்கத்து மெடிசின் லாட்ஜில் ஒப்பந்தம் போட்டு அவர்களைத் தெற்கே இன்றைய ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். கவுண்டியின் பெயரில் மட்டும் அவர்கள் இருக்கிறார்கள். பட்டா யார் பெயரில் என்று பார்க்கிறவர்கள் அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேனே, அது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இன்னொரு சங்கதி. கவுண்டியின் கிளர்க், கருவூலர், பத்திரப் பதிவாளர், ஷெரிஃப் எல்லோருமே ஓட்டு வாங்கி வருகிறவர்கள். 740 பேர் இருக்கிற ஊரில், காலையில் வரி ரசீது போட்டவரைச் சாயங்காலம் மளிகைக் கடை வரிசையில் பார்த்தாக வேண்டும். எரிந்து விழ முடியாது. இந்த மாகாணத்தில் கவுண்டித் தலைநகரம் என்ற பட்டத்துக்காகத் துப்பாக்கிச் சண்டையே நடந்திருக்கிறது. 1889 ஜனவரியில், டாட்ஜ் சிட்டிக்கு மேற்கே உள்ள சிமரன் ஊருக்குள் போட்டி ஊரான இங்கல்ஸுக்காக ஒரு கூட்டம் புகுந்து கவுண்டிப் பதிவேடுகளை வண்டியில் ஏற்றப் பார்த்தது, சண்டையில் ஒருவர் செத்தே போனார். பதிவேடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் கிடைக்காத எத்தனையோ ஊர்கள் இந்தச் சமவெளியில் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கின்றன.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2007 மே 4, இரவு சுமார் 9:45. கிரீன்ஸ்பர்க்கை ஒரு டொர்னாடோ, அதாவது பெரும் சுழற்காற்று, அடித்தது. காற்றின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் என்று கணித்தார்கள். அதன் அகலம் 1.7 மைல், ஊரின் அகலத்தைவிடப் பெரியது. அடித்து முடித்தபோது ஊரில் நூற்றுக்கு 95 பங்கு தரைமட்டம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைத்தெரு எதுவும் மிச்சமில்லை. கோர்ட் கட்டடமும் தானியக் கோபுரமும் நின்றன. இறந்தவர்கள் 11 பேர். அவ்வளவு பெரிய அழிவில் அது குறைவு என்றால், சுமார் இருபது நிமிடம் முன்பே சங்கு ஊதியதும், வீட்டுக்கு வீடு நிலவறை இருந்ததும், ஊதியவுடன் ஜனங்கள் அதில் இறங்கியதும்தான் காரணம். காப்பிக் கடையில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர் சொன்னார், நிலவறையிலிருந்து மேலே வந்து பார்த்தால் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்றே தெரியவில்லையாம், மரங்களும் போய்விட்டதால். பிறந்து வளர்ந்த ஊரில் திசை தெரியாமல் நின்றிருக்கிறார். இன்றைக்கும் ஊரில் பெரிய மரங்கள் மிகக் குறைவு. தெருவோரம் இருப்பவை பெரும்பாலும் பிறகு வைத்தவை. தப்பிய சில பழைய மரங்கள் கொப்பு முறிந்த இடத்தில் குச்சி குச்சியாகத் துளிர்த்து ஒரு மாதிரி நிற்கின்றன.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். பெரிய கூடாரம் ஒன்றைப் போட்டு ஊர்க்கூட்டம் நடத்தினார்கள். நூற்றுக்கணக்கில் ஜனம். வீடு இழந்தவர்கள்தான் பேசினார்கள், கேட்டவர்களும் வீடு இழந்தவர்கள்தான். அப்போதைய மேயர் லானி மெக்கொலம், நகர நிர்வாகி ஸ்டீவ் ஹூவிட் இருவருடைய வீடும் போயிருந்தது. பிறகு மேயராக வந்த பாப் டிக்ஸன் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் வீடும் மிஞ்சவில்லை. எப்படியும் முதலிலிருந்து கட்டத்தான் போகிறோம், கரண்டும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி, காற்றைத் தாங்கும்படி கட்டுவோம் என்ற யோசனை அந்தக் கூட்டங்களில்தான் உருவானது. பசுமை, சுற்றுச்சூழல் என்ற பேச்சே பிடிக்காத விவசாயிகள் நிறைந்த ஊர் இது. அவர்களிடம் தாத்தா காலத்துச் சிக்கனத்தை ஞாபகப்படுத்தித்தான் பேசியிருக்கிறார்கள். காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்தவர்கள்தானே, அது அவர்களுக்கு உடனே பிடிபட்டிருக்கிறது. அந்த வருடம் டிசம்பரிலேயே நகரசபை தீர்மானம் போட்டது: 4,000 சதுர அடிக்கு மேல் கட்டும் எல்லா நகரக் கட்டடமும் லீட் பிளாட்டினம் தரத்தில், அதாவது எரிசக்திச் சிக்கனத்துக்கான உச்சத் தரத்தில், இருக்க வேண்டும். அப்படித் தீர்மானம் போட்ட முதல் அமெரிக்க நகரம் இந்தச் சின்ன ஊர்தான். 2010இல் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் திறந்தார்கள். மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் உட்பட எங்கெங்கிருந்தோ தன்னார்வலர்கள் வந்து சுத்தியலும் கையுமாக நின்றிருக்கிறார்கள்.

ஊருக்குத் தெற்கே பத்துக் காற்றாலைகள், மொத்தம் 12.5 மெகாவாட். அது என்ன கம்பெனி என்று அத்தானிடம் விசாரித்தேன். சுஸ்லான்! நம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது நீ சின்னப் பிள்ளையாக எண்ணிக்கொண்டே வருவாயே, அதே பெயர். கன்சாஸ் கோதுமை வயலில் அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன்.

இந்த ஊருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு, பெரிய கிணறு. 1887-88இல் மண்வெட்டியும் கடப்பாரையுமாக மனிதர்கள் கையாலேயே வெட்டியது. ஆழம் 109 அடி, விட்டம் 32 அடி, சுற்றிலும் கல் கட்டு. 1932 வரைக்கும் ஊருக்குக் குடிதண்ணீர் இதிலிருந்துதான். டொர்னாடோ மேலே இருந்த அருங்காட்சியகத்தைத் துடைத்துக்கொண்டு போனது, கிணறு அப்படியே இருந்தது. இப்போது புதிதாகக் கட்டி, சுற்றிச் சுற்றிப் படியும் வைத்திருக்கிறார்கள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறுகிறது, கையால் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் கிணறு வெட்டுகிறவர்கள் பார்த்தால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

அங்கே 1949இல் கண்டெடுத்த விண்கல் ஒன்றும் இருக்கிறது, ஆயிரம் பவுண்டு எடை. இடிபாட்டுக்குள் புதைந்துபோய் மறுபடி கிடைத்தது. ஆனால் எனக்குப் பிடித்தது எலைசா கிம்பர்லி கதை. 1880களில் இந்தக் கவுண்டியில் குடியேறிய விவசாயி வீட்டு அம்மாள். உழும்போது தட்டுப்படும் கனத்த கறுப்புக் கற்களைப் பொறுக்கி வீட்டுப் பக்கம் குவித்து வைத்தார். புருஷனும் அக்கம்பக்கமும் சிரித்தார்கள். சின்ன வயதில் பார்த்த விண்கல்லைப் போல இருக்கிறது என்று அவர் மட்டும் விடாமல் படித்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார், வருடக்கணக்கில். கடைசியில் 1890இல் ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்து, விலை கொடுத்து வாங்கிப் போனார். இன்று பிரெனம் விண்கல் என்று உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கிறது அது. மனுவை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரும் கிழவிகளை நம் ஆபீஸ்களில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். இந்தக் கதையை உன் மேஜைப் பக்கம் எங்காவது எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. போன ஜனம் எல்லாம் திரும்பவில்லை. 2000இல் 1,574 பேர் இருந்த ஊர், 2010இல் 777, இப்போது இன்னும் கொஞ்சம் குறைவு. பழைய மலிவான வீட்டில் காலத்தை ஓட்டியவர்கள் புது வீட்டு விலைக்கு எங்கே போவார்கள். பிள்ளைகள் பெரிய நகரமான விசிட்டாவில் வேலைக்குப் போனால் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். பண்ணைகள் பெரிதாகிவிட்டன, ஜூன் மாத அறுவடைக்கு ராட்சத எந்திரம் வந்தால் முன்பு ஊரே இறங்கிச் செய்த வேலையைச் சில பேர் முடித்துவிடுகிறார்கள். டொர்னாடோ வராவிட்டாலும் இந்தத் தேய்வு நடந்துகொண்டுதான் இருந்தது. இதைக் காட்டி, இவ்வளவு செலவு செய்து என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோர்ட், நூலகம் நான்கும் இந்த ஊரிலேயே இருப்பதால்தான் சுற்று வட்டார 700 சதுர மைலில் ஒரு கர்ப்பிணிக்கும் ஒரு பட்டா தகராறுக்கும் ஒரு குழந்தையின் படிப்புக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. அதில் ஒன்றை வேறு ஊருக்கு மாற்றியிருந்தால் மற்றதும் பின்னாலேயே போயிருக்கும்.

2018இல் கஜா அடித்தபோது கணக்கெடுப்புக்காக நீ இப்போது போகும் பக்கத்துக்குத்தான் என்னையும் அனுப்பினார்கள், ஞாபகமிருக்கும். விழுந்த தென்னையையும் ஓடு போன வீட்டையும் எண்ணிக்கொண்டே போனோம். அப்போது கோடியக்கரைச் சாலையில் ஒரு பெண் என்னை மறித்து, பணம் எப்போது வரும் என்று கேட்கவில்லை, பள்ளிக்கூடம் எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள். என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அடுத்த புயல் எப்போது என்று யாரும் சொல்ல முடியாது, அந்தக் கடற்கரைக்கு வராமலும் இருக்காது. வருவதற்கு முன்பே, இந்தத் தாலுகாவில் எந்தக் கட்டடம் நிற்கும், எது முதலில் திறக்க வேண்டும், எங்கே ஜனத்தைக் கூட்டிப் பேசலாம் என்று உன் ஆட்களோடும் மீனவர், உப்பளத் தொழிலாளர்களோடும் உட்கார்ந்து பேசி ஒரு நோட்டில் எழுதிவிடு. உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காதே.

கோர்ட் கட்டடம், கிணறு, காற்றாலைப் படங்களை அக்கா தனியாக அனுப்புவாள். பதிவேட்டு அம்மாள் நம் 'அ' பதிவேட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். பழைய மாதிரிப் படிவம் ஒன்று, வெறும் படிவம், ஆள் பெயர் எதுவும் இல்லாதது, கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்பு, நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அம்மா இங்கே நின்றுகொண்டு, வெயிலில் அலையும்போது குடை எடுத்துப் போகச் சொல்லு என்கிறாள்.

அன்புடன்,
அப்பா