ஸ்னோடிராப்பைப் பச்சையாகவே பிரித்து நடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் தோட்டப் பக்கத்தில் இங்கிலாந்தின் குளிர்காலப் பூக்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஸ்னோடிராப் என்கிற சின்ன வெள்ளைப் பூவின் படம் கண்ணை எடுக்க விடவில்லை. ஆனால் கடையில் காய்ந்த கிழங்கை வாங்கி இலையுதிர் காலத்தில் நட்டால் போதும், தானாகப் பெருகிவிடும் என்று முடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனசு வரவில்லை. இங்கிலாந்தில் குடியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறோம், அதை நம்பிக் காசு போட்டு வாங்குவார்கள்.

எனக்குக் கேம்பிரிட்ஜ் பக்கம் சின்ன வீடு, பின்னால் ஒரு ஆப்பிள் மரம். அதனடியில் நட நானும் முதலில் காய்ந்த கிழங்குதான் வாங்கினேன், ஐம்பது. அக்டோபரில் நட்டேன், பிப்ரவரியில் தலை நீட்டியவை ஆறு. அணில் தோண்டித் தின்றுவிட்டது என்று ஒரு வருடம் முழுக்க அணில்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் தெரிந்தது, கிழங்கில் நஞ்சு இருப்பதால் அணில் பெரும்பாலும் அதன் பக்கமே போகாது என்று. குறை கிழங்கில்தான். நம் சின்ன வெங்காயத்தை விடப் பொடிசு, மேல்தோலும் மெல்லிசு, மாதக்கணக்கில் கடையில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வற்றி உயிர் போய்விடுகிறது.

அடுத்த மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கொத்தை இலையோடும் மண்ணோடும் பெயர்த்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பூ வாடிய கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே பிரித்து நடுவதைத்தான் இங்கே 'இன் த கிரீன்' என்கிறார்கள். கொத்தைக் கையில் வைத்து மெதுவாக உதிர்த்தோம். ஒரு கைப்பிடிக்குள் முப்பதுக்கு மேல் இருந்தன. பெரிய கிழங்கின் விலாவில் அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகளைக் காட்டி, இவை பெரிதாகி அடுத்தடுத்த வருடங்களில் பூக்கும் என்றார். வாழையடி வாழை என்கிறோமே, அதேதான். இரண்டு மூன்றாகச் சேர்த்து, முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் (தண்டில் வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் இடம் மண்மட்டத்தில் இருக்க வேண்டும்) நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றுகூடப் போகவில்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூ குறைந்துபோகும்.

இது கிழங்கால் பெருகும் வழி. விதையால் பரவுவதும் உண்டு, அதைத்தான் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. பிப்ரவரியில் வெயில் அடித்து வெப்பம் 10 டிகிரியைத் தொடும் மதியங்களில் பூவின் வெளியிதழ்கள் விரியும், தேனீக்களும் வரும். குளிர் விடாவிட்டால் தேனீ வராது, அந்த வருடம் விதை குறைவுதான். காய் பிடித்தால் தண்டு அப்படியே தரையில் சாய்ந்துவிடும். மே கடைசியில் ஒரு நாள் குனிந்து பார்த்தேன், பச்சைக் காய் வெடித்து வெளிறிய விதைகள் சிந்திக் கிடந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் வால் மாதிரி ஒரு சதைத் துணுக்கு. அதற்காகவே எறும்புகள் இழுத்துப் போகின்றன, சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடுகின்றன. என் வீட்டில் செங்கல் பாதை இடுக்கில் யாரும் நடாமலே செடி வந்தது இப்படித்தான் இருக்கும். அது பூக்க மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும். அடுக்கு இதழ் ரகம் விதையை நம்பிப் பரவுவதில்லை, அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

இலை தானாக மஞ்சளாகி மடியும்வரை புல்வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான சத்தைக் கிழங்கில் சேர்ப்பது அந்த இலைதான். நம் வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிரித்த கிழங்கை ஒரு நிமிடம்கூடச் சமையலறையில் வைக்காதீர்கள், பார்த்தால் வெங்காயம் போலவே இருக்கும், வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

கடைக் கிழங்கில் எனக்கு வருத்தம் காசுக்காக மட்டும் இல்லை. துருக்கி மலைகளில் காட்டுக் கிழங்கை மூட்டை மூட்டையாகத் தோண்டி விற்றதால்தான் 1990இல் இந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். இங்கேயும் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியைப் பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதனால் நடக்கப் போகும்போது காட்டிலோ கல்லறைத் தோட்டத்திலோ கை வைக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். தெரியாத முகம் என்று கூச்சப்படாதீர்கள், பூவைப் பற்றிக் கேட்டால் இங்கே கதவைத் திறந்து தோட்டத்துக்கே கூட்டிப் போகிறார்கள்.

இந்தக் கடிதத்தைப் பிப்ரவரி முடிவதற்குள் வெளியிட்டால் நன்றாக இருக்கும். மே வந்துவிட்டால் இலை மடிந்து, கொத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அன்புடன்,
ஒரு வாசகி,
கேம்பிரிட்ஜ் அருகிலிருந்து