மார்ச்சில் நீ வரும்போது

ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அப்பா அம்மாவிடம் சொல்லு. மார்ச்சில் வருவதாக எழுதியிருந்தாய், பறவை பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. இந்த ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் சைபீரியாவில் பனி இளகப் போகிற நேரம் இங்கே வலசை வந்த பறவைகளுக்குத் தெரிந்துவிடும். பகலின் நீளம் இங்கே அதிகம் மாறாது என்பதால், அவற்றின் உடம்புக்குள் ஓடும் ஆண்டுக் கணக்குதான் கிளம்பச் சொல்கிறது. வால்பாறை ஓடைகளில் நீ பார்க்கும் கரும்சாம்பல் வாலாட்டி இங்கேயும் தேயிலைக்காட்டு ரோட்டில் நடக்கும். ஏப்ரலுக்குள் பெரும்பாலும் போய்விடும். அதே மாதங்களில் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

நம் ஊர் நேரக் கணக்கை மறந்துவிடு. மார்ச்சில் இங்கே விடிய ஏழேகால் தாண்டிவிடும். அதற்காகத் தாமதமாகக் கிளம்பவும் கூடாது. ராத்திரி முழுக்க எரிந்த தெருவிளக்கின் அடியிலும் சுவரிலும் விட்டில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் வந்த முதல் அரைமணியில் அவற்றைத் தின்னச் சிரிப்பான் குருவிகளும் வெள்ளிக்காது மீசியாக் குருவியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். ஏழு மணிக்கே விளக்கடியில் நின்றுவிட வேண்டும். எட்டரைக்குமேல் போனால் வெறும் இறக்கைகள்தான் கிடக்கும்.

அப்புறம் பிரிஞ்சாங் மலை. உயரம் 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், தோட்டத்தின் நடுவே போகும் தார்ரோடு சிகரம்வரை போகும். பாசிக்காட்டு நடைபாதையை அவ்வப்போது மூடுவார்கள், முதல்நாளே விசாரித்துக்கொள்வோம். இங்கே பறவைகள் கூட்டமாக இரை தேடும். கால்மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று ஏழெட்டு இனங்கள் ஒன்றாகக் காட்டைக் கடந்துபோகும். புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இங்கேதான்: ஒரு பறவையைத் துரத்தி நடப்பார்கள், மற்றதெல்லாம் தலைக்குமேல் போய்விடும். நீ நகராதே. முதலில் மர உச்சியைப் பார், அங்கே மின்சிட்டு இருக்கும். பிறகு அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், கடைசியாகப் புதரில் சிரிப்பான். கூட்டம் போன திசையைக் கவனித்து, ரோட்டின் அடுத்த வளைவில் போய் நின்றால் பல நேரம் மறுபடி எதிரே வரும்.

செல்போனில் பதிவான பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கூடு கட்டும் மாதத்தில் எதிரி வந்துவிட்டதாக நினைத்து ஆண்பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். நீ அதைச் செய்யவே கூடாது.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. முன்கண்ணாடி) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கம் அதிகமாகத் தெரியும், நிழலான காட்டில் படமும் மங்கும். கண்ணுக்கு ரொம்ப அழுத்திப் பிடித்தால் முகத்து ஈரத்தில் கண்ணாடி புகையும், ஒரு நூல் தள்ளிப் பிடி. மலையடிவார ஊரான தாப்பாவின் வெயிலுக்கு இறங்கும்போது பையிலிருந்து உடனே எடுக்காதே. குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும், சூடேறிய பிறகு எடு.

கீழ்க்காட்டுப் பாதைகளில் அட்டை உண்டு. நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொள். ஒட்டிக்கொண்டால் தீ வைக்காதே, உப்பும் போடாதே, வயிற்றில் உள்ளதைக் காயத்தில் கக்கிவிடும். மெல்லிய வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். மதியத்துக்குமேல் மேகம் இறங்கி மழை பிடிக்கும். பதினோரு மணிக்குத் திரும்பிப் பசியாறிக்கொள்ளலாம்.

ஒருநாளைப் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்கு ஒதுக்கு. சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைக் கடந்து அங்கேதான் கரையேறும். கடல்மேல் வெப்பக்காற்று அதிகம் எழும்பாததால் பெரும்பாலும் சிறகடித்தே வந்தாக வேண்டும். களைத்துத் தாழப் பறக்கும், வயிற்று வரிகள்கூடத் தெரியும். பதினொன்றிலிருந்து இரண்டுவரை தொப்பியோடு வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.

ராத்திரி இங்கே 15 டிகிரிவரை இறங்கும். அம்மாவிடம் என் பழைய கம்பளிச் சட்டையை வாங்கி வா. ரப்பர் அடி தேயாத ஷூ போட்டு வா, பாசி படிந்த வேர்கள் வழுக்கும்.

அன்புடன்,
அக்கா