நடந்து போன பூ

பெரம்பூர், சென்னை

அன்புள்ள முருகா,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்காக இரண்டடித் தொட்டி வாங்கி, கோமாளி மீனையும் கடல் சாமந்தியையும் ஒரே நாளில் விடப்போவதாக எழுதியிருக்கிறாய். என் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போ.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் கப்பி மீன் வளர்த்த ஆட்கள்தானே நாம்! அந்தத் தைரியத்தில்தான் நானும் முந்தின வருஷம் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் 90 லிட்டர் தொட்டியோடு திரும்பினேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பாறையில் குடியேற ஆறு வாரம் காத்திருந்தேன். அதுவரை ஒழுங்கு. இரண்டு கோமாளிகளை விட்டேன், தேறிவிட்டன. சாமந்திக்குத்தான் பொறுமை இல்லை. தொட்டி பழுக்க ஆறு மாதமாவது ஆகும் என்று சொன்னவர்களைக் கேட்காமல், மூன்றாம் மாதமே பபுள் டிப் என்ற வகைச் சாமந்தி ஒன்றை வாங்கி நான் நினைத்த பாறையில் உட்கார வைத்தேன்.

அது நம் இஷ்டத்துக்கு உட்காராது முருகா. பூ மாதிரி இருக்கிறதே தவிர, பிராணி. இடம் பிடிக்கவில்லையென்றால் பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு நகரும். ராத்திரியில் நகர்ந்து, தொட்டியில் அலை கிளப்பும் வேவ்மேக்கர் பம்புக்குள் போய்விட்டது. காலையில் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கி, நாற்றம். அதைத் துருவல் துருவலாக வெளியே எடுத்தேன். பெரிய கோமாளியும் அன்றைக்கே போயிற்று.

அப்புறம் எட்டு மாதம் சாமந்திப் பேச்சே எடுக்கவில்லை. பம்புக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டேன். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025-ஐ விட்டு நகராமல் பார்த்துக்கொண்டேன். வெயில் காலத்தில் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட உப்புத்தண்ணீர் ஊற்றாதே, வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று. சில்லர் வாங்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தேன், இரண்டு டிகிரி இறங்கியது.

சாமந்தி வாங்கும்போது ஒன்று கவனி. வெள்ளை வெளேரென்று இருப்பதை அழகு என்று எடுத்துவிடாதே. அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு அதற்குச் சமைத்துப் போடுகிறது. அந்தப் பாசி போனதால் வந்த வெளுப்பு அது. நான் இரண்டாவதாக வாங்கியது பழுப்பு நிறம், பார்க்கச் சுமார்தான். இரண்டு நாள் அலைந்துவிட்டு, தானே ஒரு பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டது.

மிச்சமிருந்த கோமாளி மட்டும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பண்ணையில் பிறந்த மீன், சாமந்தியையே கண்டதில்லை. மூன்று வாரம் ஹீட்டர் மூலையிலேயே தூங்கியது. ஒருநாள் காலை காப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன், வாலால் சாமந்தியின் ஒரு விரலைத் தொடுகிறது, ஓடுகிறது. மறுபடி வயிற்றால் தேய்க்கிறது. சாயங்காலத்துக்குள் முழுசாக உள்ளே புதைந்துவிட்டது! இப்போது நான் போடும் இறால் துண்டு பெரிதாக இருந்தால், வாயில் கவ்விக்கொண்டு போய் சாமந்தியிடம் கொடுக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அன்றைக்குச் செத்த பெரிய கோமாளி பெண். கோமாளிகளில் பிறக்கும்போது எல்லாம் ஆண்தான், ஜோடியில் பெரியது பெண்ணாகும். துணைக்கு ஒரு சின்னக் குஞ்சை விட்டேன். மிச்சமிருந்த நம் பையன் இப்போது வீட்டுக்கார அம்மா. அதிகாரம் தாங்கவில்லை. கண்ணாடி துடைக்கக் கை விட்டால் ஓடி வந்து கடிக்கிறது, நேற்றுகூட சுண்டுவிரலில் ஒன்று வாங்கினேன்.

தொட்டி வாங்கு, தாராளமாக வாங்கு. சாமந்தியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பாப்பாவிடம் சொல்லிவை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் சேர்த்து வாங்கு. இங்கே இப்போதுதான் கரண்ட் போனது, என்னுடையதைத் தேடி எடுக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

அன்புடன்,
ரவி